பாலர் பருவமும் ஊரவர் துணையும்



யாழ்ப்பாணத்து வீடுகளிலே குழந்தைக்கு முதற் பல் முளைத்தவுடன் பல்லுக் கொழுக்கட்டை அவிக்கும் வழக்கம் உங்களுக்குப் புதியதன்று. தேங்காய்ச் சொட்டைப் பல் வடிவாக நறுக்கிக் கொழுக்கட்டையின் விளிம்பிலே செருகி அவிப்பார்கள். குழந்தையை வெள்ளைத் துணியின்மேல் இருத்தித் தலைவழியே கொழுக்கட்டை சொரிவார்கள். முன்னாலே ஏடும் எழுதுகோலும் நகையும் வேறு சில பொருள்களும் பரப்பிவைத்து, பிள்ளை எதனை எடுக்கிறது என்று பார்த்து நிற்பார்கள். ஏட்டை எடுத்தால் பெற்றோருக்குப் பெருமிதம். நகையை எடுத்தால் ஆச்சிக்குச் சிரிப்பு. எதை எடுத்தாலும் அதற்கு ஒரு நல்ல பொருள் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கும்.

சோதிடம் போலத் தோன்றும் இந்தக் கொண்டாட்டத்தை நான் வேறொரு கண் கொண்டு பார்க்க விரும்புகிறேன். ஒரு குழந்தையின் வளர்ச்சியிலே ஒரு படி நிகழ்ந்துவிட்டது என்பதை வீட்டாரும் அயலாரும் கூடி நின்று கவனிக்கும் நாள் இது. நம் பழம் புலவர்களும் இவ்வாறே கவனித்தவர்கள். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பருவங்களை நினைத்துப் பாருங்கள். செங்கீரை 5ஆம் மாதம், சப்பாணி 9ஆம் மாதம், வருகை 13ஆம் மாதம், அம்புலி 15ஆம் மாதம் என்று வழக்கமாக வகுத்துரைப்பர். கை கொட்டுவதையும் தளர்நடை நடப்பதையும் இக்காலக் குழந்தை மருத்துவர் எந்த மாதங்களிலே எதிர்பார்க்கிறார்களோ, ஏறக்குறைய அந்த மாதங்களிலேதான் புலவர்களும் அவற்றை வைத்தார்கள்.

இவற்றுள் அம்புலிப் பருவத்தைச் சற்றே நின்று நோக்க வேண்டும். தாய் வானத்தைச் சுட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பின்பு தானும் தன் சின்ன விரலை நீட்டித் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. ‘நான் காண்பதை நீயும் காண்கிறாயா’ என்று வாய் திறவாமல் அது கேட்கிறது. பேச்சு என்னும் பெருங்கலைக்கு அடிப்படை இந்த ஒரு செயலே என்று குழந்தை உளவியலார் இன்று கூறுகின்றனர். இருவர் ஒரு பொருளை ஒருங்கே நோக்கப் பழகிய பின்னரே அப்பொருளுக்கு ஒரு பெயர் பயன்படும். சுட்டிக் காட்டாத குழந்தையைக் கண்டு மருத்துவர் கவலைப்படுவதும் இதனாலேதான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பிறப்பு முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு ஊரவர் செய்யக்கூடிய துணை என்பதாகும். பிள்ளைக்குத் துணை என்று சொல்லாமல் பெற்றோருக்குத் துணை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று வயதுக்குள்ளே மனித மூளை வளர்ந்தவர் மூளையின் அளவிலே ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கை எட்டிவிடுகிறது. அந்த மூன்று ஆண்டுகளிலே எந்தப் பள்ளிக்கூடமும் எந்த அரசாங்கமும் குழந்தையை நேரிலே எட்ட முடியாது. அதன் உலகம் தாயின் மடி, தந்தையின் தோள், அம்மம்மாவின் இடுப்பு, ஏணை, முற்றம் என்பவற்றோடு முடிந்துவிடுகிறது. அங்கே புகவேண்டிய நன்மை யாதாயினும் பெற்றோர் வழியாகவே புகவேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து 2018ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஒரு திட்டவரைவு, குழந்தைக்கு வேண்டுவன ஐந்து என்று கூறுகிறது. நல்ல உடல்நலம், போதிய உணவு, பாதுகாப்பு, கற்கும் வாய்ப்பு என்னும் நான்கும் நாம் எதிர்பார்த்தவையே. ஐந்தாவதே நம் கவனத்துக்குரியது. குழந்தை காட்டும் குறிப்பை அறிந்து உடனே மறுமொழி தரும் பராமரிப்பு என்று அதனை விளக்கலாம். குழந்தை ‘ங்கா’ என்றால் தாயும் ‘ங்கா’ என்பது. அது சிரித்தால் தானும் சிரிப்பது. கை நீட்டினால் அப்பொருளை எடுத்துக் கொடுத்து அதன் பெயரைச் சொல்வது. காசு செலவில்லாத காரியம்தான். ஆனால் களைத்துப்போன ஒரு தாய்க்கு அதுவே பெருஞ் செலவு.

நமது குடாநாடு இத்துறையிலே வெறுங்கையோடு நிற்கவில்லை. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயிலே மருத்துவ நிலையம் தொடங்கினார். நோய்க்கு மருந்து கொடுத்ததோடு அவர் அமையவில்லை. மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெரும் பணியை மேற்கொண்டார். அவற்றுள் பிரசவ மருத்துவம் பற்றிய நூல் 1857இல் வெளிவந்தது. பிள்ளைப்பேறு பற்றிய அறிவு தமிழிலே இருந்தாலன்றி அது தமிழர் வீட்டினுள் நுழையாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1898இல் இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியோட் மருத்துவமனை எழுந்தது. இணுவில் ஆசுப்பத்திரியிலே பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் முதியவர்கள் இன்றும் நம்மிடையே உளர்.

ஆனாலும் மருத்துவமனை எவ்வளவு நன்றாயினும் அது தேடிப் போகவேண்டிய இடம். வீடு தேடி வரும் துணை வேறு. 1926இல் களுத்துறையிலே நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது முதலாக, பயிற்சி பெற்ற மருத்துவமாது ஒருவர் தமக்கென வகுக்கப்பட்ட ஊர்ப் பகுதியிலே வீடு வீடாகச் செல்லும் முறை இலங்கை முழுவதும் படிப்படியாகப் பரவியது. இன்று நாம் குடும்ப நல உத்தியோகத்தர் என்று அழைப்பவர் அவரே. ஏறக்குறைய 3000 மக்களுக்கு ஒருவர் என்பது கணக்கு. கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்வது, பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்ப்பது, பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பது, நிறை பார்ப்பது, தடுப்பூசிக்கு நாள் குறிப்பது யாவும் அவர் தொண்டு. 1930ஆம் ஆண்டளவிலே இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1946இலே பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னரே மாண்டன. இன்று அந்த ஆயிரத்துக்கு 141 என்பது பத்துக்கும் கீழே வந்துவிட்டது. தாய்மார் இறப்பும் பழைய அளவின் மிகச் சிறு பங்காகக் குறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய மாற்றத்திலே மருத்துவமாதின் மிதிவண்டிக்கு உள்ள பங்கை எந்த வரலாற்று நூலும் போதிய அளவு எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

போர்க்காலத்திலும் இந்த நூல் முற்றாக அறுந்துவிடவில்லை. 1990 தொடக்கம் வலிகாமம் வடக்கு மக்கள் பலர் ஆண்டுக்கணக்காக நலன்புரி நிலையங்களிலே வாழ்ந்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. உத்தியோகத்தர் போதாமல் வடக்கிலே பல இடங்களில் சுகாதாரத் தொண்டர்களே அப்பணியைச் சுமந்தனர். உயிர் காப்பதே பெருங் கேள்வியாக இருந்த காலம் அது. அக்காலத்திலே பிள்ளை விளையாடுகிறதா, பேசுகிறதா என்று கேட்க யாருக்கும் மனமிருந்திராது. இன்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தருகிறார்கள். கிளினிக் நாட்களிலே அதனைப் பொலித்தீன் பையிலே சுற்றி, தங்க நகையைக் காப்பது போலக் காத்துக்கொண்டு வரும் தாய்மாரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதிலே இரு வகைப் பக்கங்கள் உண்டு. ஒன்று நிறைக்கோடு வரையும் பக்கம். மற்றையது எந்த மாதத்திலே பிள்ளை என்ன செய்யும் என்று காட்டும் பக்கம். தலை நிமிர்த்தல், குப்புறப் புரளல், குரல் கேட்ட பக்கம் திரும்பல், ஒரு சொல் பேசல் என்றிவ்வாறு அது செல்லும். முதற் பக்கத்தை எல்லோரும் படிக்கிறார்கள். கோடு சற்றே இறங்கினால் தாய்க்கு அன்றிரவு தூக்கமில்லை. இரண்டாவது பக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் வீடுகள் மிகக் குறைவு.

நிறைக்கோட்டைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த இலங்கைப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்; 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேருக்குத் தாய்ப்பால் மட்டுமே ஊட்டப்படுகிறது என்று அதே ஆய்வு கூறுவது நாம் பெருமைப்படத்தக்கது. ஆறு மாதம் வரை செவ்வையாக நடக்கும் காரியம், கூழும் சோறும் ஊட்டத் தொடங்கிய பின்னர் தளர்ந்துபோகிறது என்பதே இதன் பொருள். 1973 முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோசா மாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியிலே ஒழுங்காகக் கிட்டாது போயிற்று. நம் முற்றத்து முருங்கையும் உழுந்தும் குரக்கனும் அப்போது பலருக்கு நினைவுக்கு வந்தன. சற்றுப் பிந்தி வந்தன என்பது என் கருத்து.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். தடுப்பூசி 2, 4, 6 மாதங்களில் உண்டு. 9 மாதத்தில் உண்டு. 12 மாதத்தில் உண்டு. 18 மாதத்தில் உண்டு. அதற்கடுத்தது மூன்று வயதிலே. நிறை பார்ப்பது இரண்டு வயது வரை மாதந்தோறும் நிகழ்கிறது. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாகிவிடுகிறது. முன்பள்ளியிலே சேர்ப்பது மூன்று வயதளவிலே. ஆகவே ஒன்றரை வயது தொடக்கம் மூன்று வயது வரையுள்ள பதினெட்டு மாதங்களிலே, அயலாள் ஒருவர் வந்து ‘பிள்ளை என்ன சொல்லுகிறான்’ என்று கேட்கும் ஒழுங்கு மிகவும் நலிந்துவிடுகிறது. சொற்கள் மழைபோலக் கொட்டவேண்டிய பதினெட்டு மாதங்கள் அவை.

முன்னொரு காலத்திலே இந்த இடைவெளியை வீடே நிரப்பியது. ஒரே வளவுக்குள் அம்மம்மா, சின்னம்மா, மாமி, அவர்கள் பிள்ளைகள் என்று பலர் இருந்தனர். பிள்ளை ஓர் ஆளிடம் அலுத்தால் மற்றோர் ஆளிடம் போகும். போர் அந்த வளவுகளைச் சிதறடித்தது. சின்னம்மா பாரிஸிலே, மாமி தொரன்றோவிலே. வேலியடைத்த வீட்டினுள் இளந்தாய் ஒருத்தி, அவள் கையிலே ஒரு பிள்ளை. கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர். காலையிலே வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய் மாலையிலே திரும்பும் தாய் பிள்ளையோடு எப்போது அம்புலி பார்ப்பாள்? அவளுக்கு அறிவுரை கூறுவது எளிது. அவள் கையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளையை வாங்கிக் கொள்வது கடினம். பின்னதையே நான் துணை என்கிறேன்.

நம்மைப்போன்ற நிலையிலுள்ள பிற நாட்டார் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். யமேக்காத் தீவின் கிங்ஸ்ரன் நகரத்து ஏழைப் பகுதிகளிலே, 1980களின் பிற்பகுதியில், சாலி கிரந்தம்-மக்கிறகர் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர் கூட்டத்தாரும் ஒரு முயற்சி செய்தனர். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டனர். அவர்கள் 9 மாதம் முதல் 24 மாதம் வரை வயதினர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, நம் மருத்துவமாது போன்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர் கிழமைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றனர். சென்று தாயோடும் பிள்ளையோடும் தரையிலே அமர்ந்து விளையாடினர். விளையாட்டுப் பொருள்கள் வீட்டிலே கழித்த போத்தல்களாலும் பெட்டிகளாலும் செய்தவை. இருபது ஆண்டுகள் கழிந்தபின் அப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த விளையாட்டைப் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களினும் நூற்றுக்கு 25 பங்கு கூடியிருந்தது. இந்த முடிவு 2014ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. கிழமைக்கு ஒரு மணி நேரம் தரையிலே உட்கார்ந்ததன் பயன் இது என்றால், நம்பச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கும். எனக்கும் அது வியப்பாகவே இருந்தது.

ஆபிரிக்காவிலே இதே வித்து வெவ்வேறு மண்ணில் வெவ்வேறு விதமாக முளைத்தது. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரைச் சார்ந்த குடிசைப் பகுதிகளிலே 1979இல் தொடங்கிய பிலானி என்னும் அமைப்பு, அதே வறுமையில் இருந்தும் தம் பிள்ளைகளை நன்றாக வளர்த்துக் காட்டிய தாய்மாரையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அயல் வீடுகளுக்கு அனுப்பியது. வெளியூரிலிருந்து வந்த படித்தவர் சொன்னால், ‘உனக்கென்ன தெரியும் எங்கள் பாடு’ என்று எண்ணத் தோன்றும். அடுத்த குடிசைக்காரி சொல்லும்போது அப்படி எண்ண இடமில்லை. கென்யாவின் மொம்பாசாப் பகுதியிலே 1980களில், தம் பிள்ளைகள் சமயக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒருங்கே பெறவேண்டுமென விரும்பிய முஸ்லிம் மக்களுக்காக, ஆகா கான் அறநிறுவனத்தின் துணையோடு ஊர்ப் பாலர் பள்ளிகள் எழுந்தன. ஊரிலுள்ள இளம் பெண்களே பயிற்சி பெற்று ஆசிரியராயினர். பள்ளியை நடத்தும் பொறுப்பும் ஊரவருடையதே. அது பின்பு சன்சிபாருக்கும் உகண்டாவுக்கும் பரவியது. ருவாண்டாவிலே, பெரும் இனப்படுகொலையைக் கண்ட அந்நாட்டிலே, வீட்டுக்குச் செல்லும் பணியாளர் தாயோடு தந்தையையும் இருத்திப் பேசுகிறார். பிள்ளையோடு விளையாடுவதும் வீட்டிலே கைநீட்டாதிருப்பதும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள் என்று அங்கே கற்பிக்கிறார்கள். போருக்குப் பிந்திய நம் ஊர்களும் இந்தப் பாடத்தைக் கேட்பது நன்று.

இவற்றைக் கேட்டதும் நமக்கு ஒன்று விளங்க வேண்டும். அந்நாடுகளிலே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தவை பல நம்மிடம் முன்னரே உள்ளன. வீடு தேடி வரும் மருத்துவமாது இருக்கிறார். கனடாவிலிருந்து 1896இல் இலங்கைக்கு வந்து ஒரு தமிழரை மணந்த மருத்துவர் மேரி இரத்தினம் அம்மையார் 1930இலே தொடக்கிவைத்த மகளிர் இயக்கத்தின் வழியிலே, ஊர்தோறும் மாதர் சங்கங்கள் இருக்கின்றன. குடாநாட்டின் ஒவ்வொரு குறிச்சியிலும், வாசிகசாலையோடு கூடிய சனசமூக நிலையம் ஒன்று இருக்கிறது. அந்த நிலையங்கள் பலவற்றோடு ஒட்டி ஒரு முன்பள்ளியும் இருக்கிறது. பிரதேச செயலகத்திலே முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக்கென ஓர் உத்தியோகத்தரும் இருக்கிறார். இவ்வளவு பேரும் ஒரே பிள்ளைக்காகவே இருக்கிறார்கள். ஆயினும் ஒருவரை ஒருவர் அதிகம் சந்திப்பதில்லை.

முன்பள்ளியைப் பற்றிச் சிறிது கூறாமல் அப்பால் செல்ல முடியவில்லை. மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியருக்குப் பயிற்சி நடத்திச் சென்றார். பிள்ளை தன் கையாலே தொட்டு, ஊற்றி, அடுக்கி, தன் வேகத்திலே கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் பெயரை நாம் பலகையிலே எழுதிக்கொண்டோம். உள்ளே நடப்பதோ பல இடங்களிலே வேறு. மூன்றரை வயதுப் பிள்ளை நான்கு கோட்டுக் கொப்பியிலே ‘அ’ எழுதி ஒரு பக்கம் நிரப்புகிறது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நேசறிக்கு விட்டு ஆறு மாதமாகிறது, இன்னும் பெயர் எழுதத் தெரியவில்லையே என்று வாசலிலே வந்து கேட்பவர் பெற்றோரே. விளையாட விட்டால் அந்த ஆசிரியர் ஒன்றும் படிப்பிப்பதில்லை என்று சொல்லி அடுத்த குறிச்சிப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். சிறு கொடுப்பனவுக்கு நாள்தோறும் இருபது முப்பது பிள்ளைகளை மேய்க்கும் அந்தப் பெண் என்ன செய்வாள்? விஜயதசமியன்று ஏடு தொடக்குவது அழகிய சடங்கு. அரிசியிலே ஒருமுறை விரல் பிடித்து எழுதுவதுதான் அது. அதனை நாள்தோறும் நடத்தும் தண்டனையாக மாற்றும்படி எந்தப் பெரியவரும் சொல்லவில்லை.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர், நாம் தங்கத் தாத்தா என்று போற்றும் அவர், ஆடிப்பிறப்பைப் பற்றியும் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றியும் பிள்ளைகளுக்குப் பாடினார். பிள்ளையின் கண் முன்னாலே உள்ள பொருளை எடுத்து, அதன் வாயிலே இனிக்கும் சொல்லிலே தரவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பாட்டுகளிலே ஒன்றைக் கைதட்டிப் பாடும் கால் மணி நேரம், கொப்பியிலே எழுதும் ஒரு மணி நேரத்தினும் மேலானது என்று நான் உறுதியாகச் சொல்வேன். எழுத்து ஐந்து வயதுக்குப் பின்னர் தானே வரும். சொல் இப்போதே வந்தாக வேண்டும்.

ஆகவே சனசமூக நிலையத்துத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். முன்பள்ளி மண்டபம் நண்பகலோடு பூட்டப்படுகிறது. கிழமையிலே ஒரு நாள் பின்னேரம், நான்கு மணி தொடக்கம் ஐந்து மணி வரை, அதனைத் திறந்து விடுங்கள். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளோடு தாயோ தந்தையோ அம்மம்மாவோ வரட்டும். பாயை விரியுங்கள். முன்பள்ளி ஆசிரியருக்கு அந்த மணி நேரத்துக்கு நிலையத்து நிதியிலிருந்து ஏதாவது கொடுங்கள், இலவசமாகக் கேளாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் குடும்ப நல உத்தியோகத்தரை அழையுங்கள். சுகாதாரப் பகுதியார் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் என்ற பெயரிலே பல ஊர்களில் ஏற்கெனவே கூட்டம் நடத்துகிறார்கள். அக்கூட்டங்களிலே இரும்புச் சத்தைப் பற்றியும் நுளம்பைப் பற்றியும் பேசி முடிந்தபின், விளையாட்டுக்கும் ஒரு பங்கு நேரம் கொடுத்தாற் போதும்.

கூடிய தாய்மாருக்குச் சொற்பொழிவு நிகழ்த்த வேண்டாம். அன்று ஒரு விளையாட்டு, ஒரு பாட்டு, ஒரு படப் புத்தகம் என்றிருக்கட்டும். இந்தக் கிழமை செய்ததை வீட்டிலே செய்து பார்த்துவிட்டு அடுத்த கிழமை வந்து சொல்லட்டும். பிள்ளைக்குச் சோறூட்டும்போது என்ன பேசினாய் என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்கட்டும். தோட்டத்துக்குப் போகும் தாய் வரமுடியாவிட்டால் அவளுடைய பிள்ளையை அயல்வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு வரட்டும். ஓர் இளந்தாய் தன் களைப்பை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் கிடைப்பதே பாதி மருந்து. பிள்ளை பெற்ற பின்னர் சோர்ந்து, அழுது, பிள்ளையின் முகத்தைப் பாராமலே இருக்கும் பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று சொல்லாமல், அது மருத்துவத்தாலே தீரும் நோய் என்று கண்டு கிளினிக்குக்கு அழைத்துச் செல்லவும் அப்படிப்பட்ட கூட்டத்திலே பழகிய தோழி ஒருத்தி வேண்டும்.

விளையாட்டுப் பொருள் வாங்கப் பணமில்லை என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. பனையோலைக் கிலுக்கு, தேங்காய்ச் சிரட்டை, நுங்குக் கோம்பை வண்டி, குரும்பைத் தேர், பூவரசம் இலைக் குழல் என்று நம் முற்றமே ஒரு விளையாட்டுக் கடை. அடுக்களையிலே ஒன்றுக்குள் ஒன்று புகும் மூன்று சட்டிகள் இருந்தால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அரை நாள் போதும். பெரியதுக்குள் சிறியது போகும், சிறியதுக்குள் பெரியது போகாது என்பதை அது தன் கையாலே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை மட்டும். புளியங்கொட்டை, சோகி, மணி முதலிய சிறு பொருள்களை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டவிடக் கூடாது. வாயிலே போட்டுத் தொண்டையிலே அடைத்துக்கொள்ளும்.

கைத்தொலைபேசி என்னும் புதிய ஏணையைப் பற்றியும் ஒரு சொல். சோறூட்டுவதற்காக அதிலே படம் ஓடவிட்டு, பிள்ளை வாயைத் திறந்தபோதெல்லாம் கவளத்தைத் தள்ளும் காட்சி இப்போது எங்கும் காணப்படுகிறது. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், இரண்டு வயதிலும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. திரை பேசும், ஆனால் குழந்தை சொன்னதற்கு மறுமொழி தராது. தூரதேசத்திலிருக்கும் தந்தை அதிலே முகங்காட்டிப் பேசுவது வேறு கதை. அவர் பிள்ளையின் பெயரை அழைக்கிறார். பிள்ளை சிரித்தால் தானும் சிரிக்கிறார். வெளிநாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தந்தையர் யாரேனும் இருந்தால் அவர்களுக்குச் சொல்கிறேன்: மனைவியிடம் காசு வந்ததா என்று கேட்டு முடித்துவிடாமல், பிள்ளைக்கு ஒரு கதை சொல்லுங்கள். ஊரிலே இருக்கும் தந்தையருக்கும் இதுவே. கிளினிக் வாசலிலே மோட்டார்ச் சைக்கிளில் சாய்ந்தபடி வெளியே நிற்பதோடு தந்தையின் கடமை முடிவதில்லை. உள்ளே வந்து இருக்கலாம்.

இறுதியாக, தாய்மாரே, அந்தப் பதிவேட்டின் இரண்டாவது பக்கத்தை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். ஒரு வயதாகியும் பிள்ளை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால், மழலை ஒலி எழுப்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாவிட்டால், பொருளுள்ள ஒரு சொல்லேனும் பேசாவிட்டால், முன்பு பேசிய சொற்களை இப்போது விட்டுவிட்டதாயின், ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசுவான், தகப்பனும் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்பவர் சொல்லைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்று முதலிலே பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக் நாளன்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார், தேவையாயின் அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இரண்டு வயதிலே கண்டால் செய்யக்கூடியவை பல உள்ளன. ஐந்து வயதிலே, பள்ளிக்கூடத்து ஆசிரியர் கண்டு சொல்லும்போது, அவற்றுள் சில கைநழுவிப் போயிருக்கும்.